மிச்சம் இருநூற்று நாற்பத்து மூன்று

எங்கள் சட்டப் பள்ளியின் வாசல் படிகளில்
படிக்கு ஒரு சொல் செதுக்கியிருக்கிறார்கள்.
நேர்மை. துணிவு. இரக்கம். பணிவு.
மழைக்காலத்தில் பணிவு வழுக்கும்.
போன ஜூலையில் அதில்தான் விழுந்தேன்.

மூன்றாம் ஆண்டில் வெளியே அனுப்புகிறார்கள்.
நூற்றிருபது மணி நேரம் களப்பயிற்சி,
மணிக்கு ஒரு கையெழுத்து.
ரெனான்டே மீனவர் சங்கத்துக்குப் போனான்.
லூர்டித்துக்கு நிலத் தகராறுகள்.
எனக்கு வாய்த்தது
காகயான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள சிறை.

அறுபது பேருக்குக் கட்டிய கூடத்தில்
இருநூற்றுப் பத்துப் பேர்.
முறை வைத்துத் தூங்குகிறார்கள்.
கதவுக்கு வெளியே
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
இரும்புக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி,
கருவாட்டு வாடை படிந்த கோப்புக் கட்டுகள்.
என் வேலை கூட்டுவதும் கழிப்பதும்.
யார் எத்தனை நாள் இருக்கிறார்கள்,
எத்தனை நாள் இருக்கலாம்.

தியோடுலோ பகாரோ.
கிட்டங்கியிலிருந்து இரண்டு மூட்டை கொப்பரை.
குற்றம் ருசுவானாலும்
ஆறு மாதத்துக்கு மேல் சட்டத்தில் இடமில்லை.
ருசுவாகவில்லை.
சாட்சி வரவில்லை, வாய்தா.
நீதிபதிக்கு மாற்றல், வாய்தா.
புயல், வாய்தா.
பதினோராவது வாய்தாவுக்குக் காரணமே எழுதவில்லை.
வழக்கு, வழக்கமாகிவிட்டிருந்தது.

நானூற்று இருபத்திரண்டு என்றேன்.
கம்பிக்குள்ளிருந்து
மெதுவாகத் திருத்தினார்:
"இருபத்து மூன்று.
பிப்ரவரிக்கு இந்தத் தடவை இருபத்தொன்பது.
அன்று ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை."

கால்குலேட்டரைத் துடைத்துவிட்டு
மறுபடி போட்டேன்.
அவர் சொன்னதுதான் சரி.

மனுவை நான்கு முறை எழுதினேன்.
முதல் மனுவில் கோபம் அதிகம்,
இரண்டாவதில் லத்தீன்.
மூன்றாவதில் அவர் பெயரையே தப்பாக எழுதியிருந்தேன்.
நான்காவது ஒன்றரைப் பக்கம்,
பெரும்பாலும் தேதிகள்.
நீதிமன்றத்தில் எழுந்து நின்றபோது
முழங்கால் ஆடியது.
கடன் வாங்கிய கோட்டின் கை
விரல் நுனி வரை தொங்கியது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றி
எதிர்த்தரப்பைப் பார்த்தார்.
எதிர்த்தரப்பு தரையைப் பார்த்தது.
ஆறு நிமிடம்.
அவ்வளவுதான் ஆனது.

அந்த ஆறு நிமிடத்தை
யாராவது முன்பே செலவழித்திருக்கலாம்
என்பதை வீட்டுக்குப் போய்
அரிசி களையும்போதுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை திறந்துவிட்டார்கள்.
ஒரு பாலித்தீன் பை,
அதில் ஒரு சட்டை, பல் துலக்கி,
யாரோ கொடுத்த பாதி சோப்பு.
வாசலில் நின்று கேட்டார்:
"அட்டர்னி, நான் ஆறு மாதம் கடன்பட்டிருந்தேன்.
பதினாலு மாதம் கட்டிவிட்டேன்.
மிச்சம் இருநூற்று நாற்பத்து மூன்று நாள்
அரசாங்கத்திடம் நிற்கிறது.
அந்தக் கணக்கில்
இன்னும் இரண்டு மூட்டை எடுத்துக்கொள்ளலாமா?"

காவலர் வாய்விட்டுச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
பதிலுக்குக் காத்திருந்தார்,
காத்திருக்கப் பழகியவர்.

மூன்று பருவம் அறவியல் படித்திருக்கிறேன்.
ஒன்றில் முதல் மதிப்பெண்.
நான் இன்னும் அட்டர்னி இல்லை
என்பதை மட்டும் சொன்னேன்.

ஊருக்குப் போக ஜீப்னிக் கட்டணம்
பதினெட்டுப் பெசோ.
அவரிடம் இல்லை, நான் கொடுத்தேன்.
வண்டியின் பின்படியில் தொற்றிக்கொண்டு போனார்,
உள்ளே இடம் இருந்தும்.

பயிற்சிப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் காலி.
'கற்றது' என்ற கட்டத்தில்
லீப் ஆண்டு என்று எழுதினேன்.
'செலவு' என்பதில் பதினெட்டு.
ரசீது இணைக்க வேண்டுமாம்.